ஓட்டோடு ஒரு வரி

நேயர்களுக்கு வணக்கம். இணையத்தில் ஒருவர் எழுதியது சரியில்லை என்று ஓட்டுப் போடுகிறோமே, அதோடு காரணத்தையும் ஒரு வரி எழுதலாமே என்பதுதான் இன்றைய பேச்சு. முதலில் ஒரு மண்டிக் கதை. பாலக்கோடு தக்காளி மண்டியை நம் தருமபுரி மாவட்டத்தில் பார்க்காதவர்கள் குறைவு. நான் அப்பாவோடு அங்கே போய் வளர்ந்தவன். ஒரு வருஷம் ஒரு வியாபாரி எங்கள் தக்காளியைத் தொட்டுப் பார்த்தார், விலையைக் குறைத்துச் சொன்னார், நகர்ந்துவிட்டார். ஏன் என்று கேட்டால் பதில் இல்லை. அடுத்த பறிப்பிலும் அதே கதை. அப்பா ஒருநாள் விதையைத் திட்டினார், மறுநாள் உரத்தைத் திட்டினார்.

மூன்றாவது முறை வேறொருவர் வந்தார். அவரும் விலையைக் குறைத்தார்தான். ஆனால் ஒரு பழத்தைக் கவிழ்த்துக் காட்டினார். அடிப்பக்கம் கருத்து, அமுங்கிக் கிடந்தது. "அண்ணே, இது பூச்சி இல்ல. காயவிட்டுக் காயவிட்டுத் தண்ணி கட்டியிருக்கீங்க. சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேரல." அவ்வளவுதான் சொன்னார். அன்றிலிருந்து அப்பா சீராகத் தண்ணீர் விட்டார். பின்னால் வந்த காய்களில் அந்தக் கருப்பு குறைந்துபோனது.

கவனியுங்கள், இரண்டு பேரும் குறைத்த விலை ஒன்றுதான். அப்பாவுக்கு உதவியது அந்த ஒரு வரி.

சரி, இணையத்துக்கு வருவோம். ஸ்டேக் ஓவர்ஃப்ளோ என்று ஒரு தளம், 2008-ல் தொடங்கியது. கணினி நிரல் எழுதுகிறவர்கள் அங்கே கேள்வி கேட்பார்கள், மற்றவர்கள் பதில் எழுதுவார்கள். கேள்வியோ பதிலோ சரியில்லை என்று தோன்றினால் எதிர் ஓட்டுப் போடலாம். ஒரு பதிலுக்கு எதிர் ஓட்டுப் போட்டால், எழுதியவர் அந்தத் தளத்தில் சேர்த்துவைத்த புள்ளிகளில் 2 குறையும், போட்டவருக்கும் 1 புள்ளி போகும். ஆனால் காரணம் எழுத வேண்டும் என்று கட்டாயமில்லை.

பென்னாகரம் பக்கத்து மாணவி ஒருத்தி அங்கே முதல் கேள்வி போட்டாள். மூன்று எதிர் ஓட்டு, ஒரு வார்த்தை இல்லை. "சார், கேள்வி தப்பா, என் இங்கிலீஷ் தப்பா?" என்று என்னிடம் வந்து நின்றாள். திரையில் வந்த பிழைச் செய்தியை அவள் சேர்க்கவில்லை, அதுதான் குறை. அந்த மூன்று பேரில் ஒருவர், "பிழைச் செய்தியையும் போடுங்கள்" என்று எழுதியிருக்கலாம். மண்டிக்காரர் பழத்தைத்தானே கவிழ்த்துக் காட்டினார், அப்பாவைக் குறை சொல்லவில்லையே! அப்படி எழுதினால் போதும். வேறொருவர் முன்பே சொல்லியிருந்தால் திரும்பச் சொல்ல வேண்டாம்.

பாராட்டி ஓட்டுப் போடுவது பற்றியும் பேச நினைத்திருந்தேன், நேரம் ஆகிவிட்டது. இதை மட்டும் சொல்லிவிடுகிறேன்: எழுதியவர் திருத்திய பிறகு, நீங்கள் போட்ட ஓட்டை அந்தத் தளத்தில் மாற்றிக்கொள்ளலாம். காரணம் சொல்லிவிட்டு வந்த இடத்துக்கு இரண்டு நாள் கழித்து ஒருமுறை போய்ப் பாருங்கள். நன்றி, வணக்கம்.