நொறுங்கத் தின்றால் நூறு வயது

(கபடிப் போட்டிப் பரிசளிப்பு விழாவில் பேசியது. நண்பர்கள் கேட்டதால் எழுத்தில்.)

மேடையில் வீற்றிருக்கும் ஊர்த் தலைவர் அவர்களே, ஜமாத் தலைவர் அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, ஆரம்ப சுகாதார நிலையத்தில் அத்தனை கூட்டத்தையும் பார்த்து முடித்துவிட்டு வந்திருக்கும் டாக்டரம்மா அவர்களே, என்னிடம் உதை வாங்கிப் படித்து இன்று படகுச் சங்கத்தில் பெரிய ஆட்களாகிவிட்ட என் மாணவர்களே, ஆடிக் களைத்தும் இன்னும் பரிசு கைக்கு வராமல் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம். பொன்னாடை போர்த்திய நாட்டுப்படகுச் சங்கத்தாருக்கு நன்றி. மைக் செட் தம்பிக்குத் தனியாக ஒரு நன்றி. போன வருடம் நான் எழுந்ததும் கரண்டு போனது, இந்த வருடம் போகவில்லை. யார் பெயரையாவது விட்டிருந்தால் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

பிள்ளைகளின் உடல் எடை பற்றிப் பேசச் சொன்னார்கள். சாப்பாடு, ஓட்டம், உறக்கம் என்று மூன்றைச் சொல்கிறேன்.

நொறுங்கத் தின்றால் நூறு வயது என்பார்கள். மென்று, அரைத்து, நிதானமாகச் சாப்பிடு என்று அர்த்தம். நம் பிள்ளைகள் அதை நொறுக்குத் தீனி தின்றால் நூறு வயது என்று புரிந்துகொண்டார்கள். பள்ளிக்கூட வாசல் பெட்டிக்கடையில் சரம் சரமாகத் தொங்கும் பாக்கெட்டுகளைப் பாருங்கள். பள்ளியிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த தீனியை விற்கக் கூடாது என்று 2020இலேயே உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி போட்டது. நம் ஊர் 50 மீட்டரை யார் அளந்தார்கள்?

என் முன்னால் ஒரு பாட்டில் கலர் வைத்திருக்கிறீர்கள். மரியாதைக்குத்தான், தெரியும். இதில் 300 மில்லி என்றால் சர்க்கரை ஏறத்தாழ 30 கிராம், ஆறேழு தேக்கரண்டி. நாற்பது கிலோ எடையுள்ள பையன் இதைக் குடித்துவிட்டு நடந்து தீர்க்க வேண்டுமென்றால் ஏறத்தாழ அரை மணி, முக்கால் மணி நேரம் வேகமாக நடக்க வேண்டும். ஆகவே எடையைப் பொறுத்தவரை முதல் கணக்கு வாயில்தான். உடற்பயிற்சி வாத்தியாராக முப்பது வருடம் விசில் ஊதிய நானே இதை ஒப்புக்கொள்கிறேன்.

இன்னொரு வேதனை. கரையில் சூடையும் சாளையும் கொட்டிக் கிடக்கும். முள்ளோடு மென்று தின்னக்கூடிய பொடிமீன், சுண்ணாம்புச் சத்து, நல்ல கொழுப்பு எல்லாம் அதில் இருக்கிறது. அதை ஐஸ் வைத்து லாரியில் கேரளாவுக்கு ஏற்றிவிட்டு, வந்த காசில் பிள்ளைக்குச் சிப்ஸ் வாங்குகிறோம். பனங்கிழங்கு அவித்துக் கொடுத்தால் நார் நாராக மென்றுதான் தீர வேண்டும், வயிறும் நிறையும். நொறுங்கத் தின்றால் என்று சொன்னவன் பனங்கிழங்கைக் கையில் வைத்துக்கொண்டுதான் சொல்லியிருப்பான் என்பது என் கட்சி.

இப்போது ஒரு கதை. நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன். பெயர் வேண்டாம், இந்தக் கூட்டத்திலேயே அவன் உறவுக்காரர்கள் இருக்கலாம். அப்பா வெளிநாட்டில். பையன் கையில் போன், பக்கத்தில் பாக்கெட். நல்ல கனம். அம்மா வந்து, "சார், இவனை ஓட விடுங்க" என்றார். நானும் மறுநாள் மைதானத்தில் எல்லோருக்கும் முன்னால் "ஏ குண்டா, நாலு சுற்று ஓடு" என்றேன். ஒன்றரைச் சுற்றில் நின்றுவிட்டான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அதுதான் தப்பு. பத்து நாள் பள்ளிக்கே வரவில்லை.

பதினோராம் நாள் அவன் அப்பத்தா வந்தது. கருவாடு விற்கிற கிழவி. கூடையை இறக்கிவைத்துவிட்டு, "வாத்தியாரே, என் பேரனை நாலு பேர் முன்னாடி வச்சு உரிச்சுட்டீங்களே, நீங்க நல்லா இருப்பீங்களா?" என்று கேட்டது. எனக்கு நா எழவில்லை. பையன் எங்கே என்றேன். "வந்து பாரு" என்று முன்னால் நடந்தது. கரையில் கரைவலை இழுக்கிறார்கள். கயிற்றின் கடைசி ஆள் அவன்! குதிகாலை மணலில் புதைத்து, உடம்பைப் பின்னால் சாய்த்து, சித்தப்பன்மார் ஏலேலோ போட, இழுக்கிறான் இழுக்கிறான், ஒரு மணி நேரம். ஒன்றரைச் சுற்றில் நின்றவன்! வலை கரையேறியதும் என்னைப் பார்த்து மீன் கூடைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். நான் போய் மன்னிப்புக் கேட்டேன். அப்பத்தா அப்புறம்தான் சிரித்தது. ஒரு பொட்டலம் நெத்திலிக் கருவாடும் கொடுத்தது, காசை வாங்கிக்கொண்டுதான்.

அந்த வருடம் கயிறு இழுக்கும் போட்டியில் எங்கள் பள்ளிக்குக் கடைசி ஆள் அவன்தான். எதிர் அணியை ஒரே இழுப்பில் கோட்டைத் தாண்ட வைத்தான். எடை குறைந்ததா என்று கேட்பீர்கள். பெரிதாகக் குறையவில்லை. எடை அப்படியே நின்றது, உயரம் கூடியது. வளரும் பிள்ளைக்குப் பல நேரம் அதுவே போதும் என்று டாக்டரம்மாவும் தலையாட்டுகிறார். பட்டினி போடாதீர்கள். பெரியவர்களுக்கான அளவுகோலையும் அவர்களுக்குப் போடாதீர்கள். பிள்ளைகளுக்கு வயதையும், ஆணா பெண்ணா என்பதையும் வைத்துத்தான் கணக்கு. குண்டா என்று மட்டும் கூப்பிடவே கூப்பிடாதீர்கள்.

5 முதல் 17 வயது வரை தினம் சராசரி 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஆட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உலகத்தில் 5 முதல் 19 வயதுக்குள் அதிக எடையுள்ளவர்கள் 2022இல் 39 கோடிக்கு மேல் என்பதும் அவர்கள் கணக்குத்தான். சரி, 60 நிமிடம். எங்கே ஆடுவது?

இந்தப் பந்தலுக்குப் பின்னால் இருக்கும் இடம்தான் நம் மைதானம். நான் சிறுவனாக இருந்தபோது கிளித்தட்டு ஆடியது அங்கேதான். இன்று பாதி சீமைக் கருவேலம், மீதி உடைந்த படகு. ஓர் அலுவலகத்துக்கு இரண்டு முறை மனு கொடுத்தேன். இரண்டு முறையும் ரசீது கொடுத்தார்கள். அந்த ரசீதில் கபடி ஆட முடியுமா? பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியாரும் வாங்கிக்கொள்கிறார், சாயங்காலத்தை டியூஷன் வாங்கிக்கொள்கிறது. பெண் பிள்ளைகள் வயதுக்கு வந்ததும் திண்ணையோடு சரி. அவர்களுக்கென்று சாயங்காலம் ஒரு மணி நேரம் மைதானத்தை விட வேண்டும். பையன்கள் அந்த நேரத்தில் கடலைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும்.

முடிக்கச் சொல்லித் துண்டுச்சீட்டு வந்துவிட்டது. உறக்கம் பற்றிச் சொல்லவில்லை. அதை அடுத்த கூட்டத்தில் வைத்துக்கொள்வோம், பின்வரிசையில் சிலர் செய்முறையாகவே காட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

வருகிற ஞாயிறு காலை ஆறு மணிக்கு மைதானத்துக்கு வாருங்கள். வெட்டரிவாள் மட்டும் போதாது, கருவேலம் கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும், வேரோடு பறிக்க வேண்டும். கடப்பாரை இருப்பவர்கள் கொண்டுவாருங்கள். படகுச் சங்கத்தார் அந்த உடைந்த படகை மட்டும் அன்றைக்கே நகர்த்திக் கொடுத்துவிட வேண்டும், இந்தப் பொன்னாடையைத் திருப்பிக் கேட்டாலும் கொடுத்துவிடுகிறேன். வேலை முடிந்ததும் கேப்பைக் கூழ் உண்டு. தம்பி, இந்தக் கலரை எடுத்துவிட்டு ஒரு சொம்பு தண்ணீர் கொடு. நன்றி, வணக்கம்.