ஒரு முழம் தள்ளிய பந்து: செர்ஜியோ புஸ்கெட்ஸின் ஆட்டம்

அவையில் உள்ள பயிற்சியாளர்களுக்கும், பூட்ஸைக்கூடக் கழற்றாமல் மைதானத்திலிருந்து நேரே வந்து உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

2011 ஏப்ரல் 27. மாட்ரிட் நகரின் பெர்னபேயூ அரங்கம். சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியின் முதல் ஆட்டம், 87ஆவது நிமிடம். பார்சிலோனாவின் மெஸ்ஸி பந்தைத் தன் அணியின் நடு ஆட்டக்காரர் புஸ்கெட்ஸிடம் தட்டிவிட்டு முன்னே ஓடுகிறார். புஸ்கெட்ஸ் கோலுக்கு முதுகைக் காட்டி நிற்கிறார். பந்தைத் திருப்பி அடிக்கவில்லை, திரும்பவும் இல்லை. காலில் வாங்கி ஒரு முழ தூரத்துக்குள் நிறுத்தி வைக்கிறார், அவ்வளவுதான். ஓடி வந்த மெஸ்ஸி அதை அள்ளிக்கொண்டு ரியல் மாட்ரிட் தடுப்பைப் பிளந்து கோல் போடுகிறார். ஊர் உலகமெல்லாம் இன்றுவரை மெஸ்ஸியின் ஓட்டத்தைத்தான் பார்க்கிறது. கணக்கேட்டில் 'அசிஸ்ட்' கட்டத்தில், அதாவது கோலுக்குப் பந்தைக் கொடுத்தவர் என்ற இடத்தில், இருப்பது புஸ்கெட்ஸ் பெயர்.

இன்று நான் பேசப்போவது அந்த ஒரு முழத்தைப் பற்றி. பார்சிலோனாவுக்காக 722 ஆட்டம் ஆடி 18 கோல் மட்டும் போட்ட ஒருவர், ஸ்பெயினுக்காக 143 ஆட்டத்தில் 2 கோல் மட்டும் போட்ட ஒருவர், ஏறக்குறைய பதினைந்து ஆண்டு அந்த இரு அணிகளிலும் அசைக்க முடியாத ஆளாக எப்படி இருந்தார்? ஓட்டத்தில் வேகம் கிடையாது. 1.89 மீட்டர் உயரம், ஒல்லி உடம்பு. மோதி ஆளைச் சாய்க்கும் பலமும் இல்லை. எங்கே நிற்பது என்று தெரியும். மற்றதெல்லாம் அதிலிருந்து வந்தது.

பிறந்தது 1988 ஜூலை 16, சபாடெல். வளர்ந்தது பக்கத்திலுள்ள பாடியா தெல் வயேஸ் என்னும் உழைப்பாளிகள் குடியிருப்பு ஊரில். அப்பா கார்லஸ் புஸ்கெட்ஸ் பார்சிலோனாவின் கோல்கீப்பர். 1994இல் சுபிசரேட்டா போனபின் முதல் கோல்கீப்பராக நின்றவர். நீளக் கால்சட்டை போட்டு ஆடுவார் என்பதும், கையைவிடக் காலில் பந்தை நன்றாக ஆடுவார் என்பதும் பழைய ரசிகர்களுக்கு நினைவிருக்கும். மகன் சின்ன வயதிலேயே பார்சிலோனாவின் லா மாசியா பள்ளிக்குப் போய்விட்டதாகப் பலரும் நினைக்கிறார்கள். இல்லை. சின்ன கிளப்புகளில் ஆடி, 2005இல், 17 வயதில்தான் பார்சிலோனா இளையோர் அணிக்கு வருகிறார். 2007-08இல் கார்டியோலா பயிற்றுவித்த பார்சிலோனா 'பி' அணி நான்காம் நிலை லீகில் ஆடி மேலே ஏறியது. அடுத்த ஆண்டு கார்டியோலா முதல் அணிக்குப் பயிற்சியாளர் ஆனபோது இவரையும் கையோடு கூட்டிப் போனார்.

அது துணிச்சலான வேலை. கார்டியோலாவின் முதல் லீக் ஆட்டத்தில் நுமான்சியாவிடம் தோல்வி. இரண்டாவது ஆட்டம் 2008 செப்டம்பர் 13, ரேசிங் சாந்தாந்தருடன், 1-1. அந்த ஆட்டத்தில்தான் புஸ்கெட்ஸ் முதன்முதலாக லீகில் இறங்கினார். இரண்டு ஆட்டத்தில் ஒரே புள்ளி. பையன்களை நம்பி அணியைக் கெடுக்கிறார் என்ற பேச்சு. அடுத்த மே மாதம் ரோமில் மான்செஸ்டர் யுனைடெட்டுடன் சாம்பியன்ஸ் லீக் இறுதி. தடையும் காயமுமாகத் தடுப்பில் ஆள் பற்றாக்குறை; நடுவில் ஆடிவந்த யாயா தூரே சென்டர் பேக்காக, அதாவது கோலுக்கு முன்னே நிற்கும் நடுத் தடுப்பாளராக இறங்க, நடுவில் 20 வயது புஸ்கெட்ஸ். 2-0 வெற்றி. ஓராண்டு கழித்து தூரே மான்செஸ்டர் சிட்டிக்குப் போனார். அதே ஆண்டு லிவர்பூலிலிருந்து வாங்கிய மஸ்கெரானோ உலகத் தரமான தடுப்பு மிட்ஃபீல்டர். அவரும் நாளடைவில் சென்டர் பேக் ஆக்கப்பட்டார். அந்த இடத்துக்கு வந்தவர் யாரும் புஸ்கெட்ஸை நகர்த்த முடியவில்லை.

அந்த இடத்துக்கு ஸ்பானிய மொழியில் 'பிவோத்தே' என்று பெயர். கீல் வருவதற்கு முன்பு நம் பழைய கதவுகளில் குடுமி என்று ஒன்று இருந்ததே, அதுதான். கதவு முழுக்கச் சுழலும், குடுமி தன் குழியிலேயே இருக்கும்.

இப்போது பலகையைப் பாருங்கள். மைதானம் 105க்கு 68 மீட்டர். பந்து சென்டர் பேக்கின் காலில் இருக்கிறது. அது புஸ்கெட்ஸிடம் வருவதற்கு முன்பே மூன்று வேலை முடிந்திருக்கும். தோளுக்குமேல் பின்னால் ஒரு பார்வை. பந்து கிளம்பியதும் இன்னொரு பார்வை. உடம்பு பந்துக்கு நேராக இல்லாமல் பாதி திரும்பியிருக்கும். ஒரு தோள் நம் கோல் பக்கம், மறு தோள் எதிராளி கோல் பக்கம். பந்தை வாங்குவது தூரத்துக் காலில். இடமிருந்து வரும் பந்தை இடக்காலில் வாங்கினால் மறுபடி இடப்பக்கம்தான் போக முடியும். உடம்பைத் திறந்து வலக்காலில் வாங்கினால் மைதானம் முழுவதும் கண்ணுக்கு எதிரே.

பிள்ளைகள் தவறுவது எங்கே? பந்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். பந்து வந்த பிறகு தலையைத் தூக்குவார்கள். அதற்குள் முதுகில் ஆள் ஏறிவிடும். 'ஃபர்ஸ்ட் டச் சரியில்லை' என்று நாம் திட்டுகிறோம். தவறு காலில் இல்லை. பந்து வருவதற்கு ஒரு விநாடி முன்பு கழுத்தில் இருந்தது.

அடுத்தது இன்னும் நுணுக்கம். புஸ்கெட்ஸ் பல நேரம் ஒரே தொடுதலில் பந்தை விட்டுவிடுவார். ஆனால் சில நேரம் வேண்டுமென்றே வைத்திருப்பார். எதிராளி இரண்டு அடி தூரம்வரை வரட்டும் என்று காத்திருப்பார். வருகிறவன் ஒரு இடத்தை விட்டுவிட்டுத்தானே வருகிறான்? அந்தக் காலி இடத்துக்குப் பந்து போகும். அவருடன் நடுவில் ஆடிய சவி, இனியெஸ்தா இருவரும் திரும்பி நிற்க அவ்வளவு இடம் எப்படிக் கிடைத்தது என்று கேட்பவர்களுக்கு விடை இது. நெருங்கிவிட்டவனிடமிருந்து தப்ப அவரிடம் இருந்ததும் எளிய கருவிதான்: வலக்கால் உள்ளங்காலால் பந்தைப் பின்னுக்கு இழுத்துத் திரும்புவது. பதறாத காரியம் சிதறாது என்பார்கள். அவர் பதறாததற்குக் காரணம் குணம் மட்டுமல்ல, யார் எங்கே என்று ஏற்கெனவே பார்த்து வைத்திருந்தார்.

இன்னொன்று, வீடியோ பார்த்துத் தவறாகக் கற்கப்படுவது. புஸ்கெட்ஸ் இரண்டு சென்டர் பேக்குகளுக்கு நடுவே இறங்குவார். உடனே நம் பையன்களும் எல்லா நேரமும் இறங்குகிறார்கள். எதிரணி இரண்டு ஃபார்வர்டை வைத்து அழுத்தினால் இறங்கலாம். நாம் மூவர், அவர்கள் இருவர், ஓர் ஆள் கூடுதல். விங் பேக்குகளும் மேலே போகலாம். எதிரணியில் ஒரே ஃபார்வர்ட் என்றால் ஏற்கெனவே இருவர் போதும். மூன்றாவது ஆள் இறங்கினால் நடுவில் வாங்க ஆளில்லாமல் பந்து பின்னாலேயே சுற்றும்.

தடுப்பு வேலையும் நிற்பதில்தான் தொடங்கும். நம் அணி தாக்கும்போது பந்துக்குப் பின்னால் பத்துப் பதினைந்து மீட்டரில் நின்று, பந்து பறிபோனால் எதிரணியில் முதலில் யாருக்குப் போகும் என்று பார்த்து, அவன் அருகே போய்விடுவார். பந்து பறிபோன அடுத்த நொடி அவர் கால் அங்கே நீளும். நீளமான கால், அதனால் டேக்கிளுக்குக் கீழே விழ வேண்டியதில்லை. முடியாவிட்டால் மையக் கோட்டருகே சட்டையைப் பிடித்து ஒரு சின்ன ஃபவுல். அழகான வேலை இல்லை. நிறைய மஞ்சள் அட்டையும் வாங்கினார்.

அழகில்லாததைச் சொல்லும்போது 2010 ஏப்ரல் 28ஐயும் சொல்லியாக வேண்டும். இண்டர் மிலானுடன் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி. தியாகோ மோத்தாவின் கை முகத்தில் பட்டதும் சுருண்டு விழுந்தார். மோத்தாவுக்குச் சிவப்பு அட்டை. முகத்தை மூடிய விரல்களின் இடுக்கு வழியே நடுவரைப் பார்க்கும் புஸ்கெட்ஸைக் கேமரா பிடித்துவிட்டது. பத்துப் பேருடன் ஆடிய இண்டர்தான் இறுதிக்குப் போனது. சுற்றிலும் பார்த்துக்கொள்ளும் பழக்கம் ஆகாத இடத்திலும் வேலை செய்தது போலும்!

அதே ஆண்டு உலகக் கோப்பை. ஜூன் 16, டர்பன். சுவிட்சர்லாந்திடம் ஸ்பெயின் 0-1 தோல்வி. மறுநாள் முதல் ஒரே கேள்வி: புஸ்கெட்ஸ், சாபி அலோன்சோ என்று இரண்டு பிவோத்தே எதற்கு, ஒருவரை எடுத்துவிட்டு ஒரு தாக்குதல் ஆட்டக்காரரைப் போட்டால் என்ன? பயிற்சியாளர் தெல் போஸ்கே அசையவில்லை. தான் ஆட்டக்காரராக இருந்தால் புஸ்கெட்ஸைப் போல இருக்கவே விரும்புவதாகச் சொன்னார். ஏழு ஆட்டத்திலும் புஸ்கெட்ஸ் தொடக்க அணியில் இருந்தார். ஸ்பெயின் மொத்தம் வாங்கிய கோல் 2. நாக்அவுட்டில் நான்கு ஆட்டமும் 1-0. பந்து நம்மிடம் இருந்தால் எதிராளி கோல் போட முடியாது என்ற கணக்குக்கு இதைவிடத் தெளிவான சான்று கிடையாது. அலுப்பான ஆட்டம் என்று சொன்னவர்களும் உண்டு. அதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. இரண்டு ஆண்டு கழித்து யூரோ இறுதியில் இத்தாலியை 4-0 என்று வென்றது அதற்குப் பதில்.

இனி உடைந்த இடத்துக்கு வருவோம், சாம்பியன்ஸ் லீகில் பார்சிலோனாவின் மூன்று தோல்விகள். 2018இல் ரோமில் 0-3. 2019இல் லிவர்பூலில் 0-4. 2020இல் லிஸ்பனில் பேயர்னிடம் 2-8. மூன்றிலும் புஸ்கெட்ஸ் தொடக்கத்திலிருந்து ஆடினார். வயதாகிவிட்டது, ஓட முடியவில்லை என்று எழுதினார்கள். 20 வயதிலும் அவரால் ஓட முடியாது என்பதை மறந்துவிட்டு!

மாறியது வேறு. 2011இன் பார்சிலோனாவில் பந்து போனதும் முன்வரிசை மூவரும் அந்த இடத்திலேயே பாய்வார்கள். அணி முழுவதும் முப்பது மீட்டர் நீளத்துக்குள் சுருங்கியிருக்கும். புஸ்கெட்ஸ் காக்க வேண்டிய இடம் சிறியது. இரண்டடி எடுத்து வைத்தால் போதும். பின்னாளில் முன்வரிசை அழுத்துவது குறைந்தது. தடுப்பு வரிசை பயந்து பின்வாங்கியது. நடுவில் திறந்த வெளி. 68 மீட்டர் அகலத்தை ஒருவரே காக்க வேண்டும், அதுவும் எதிராளி முழு வேகத்தில் வரும்போது. அங்கே எவ்வளவு நன்றாக நின்றாலும் பயனில்லை. எதிரணிகளும் பாடம் கற்றிருந்தன: புஸ்கெட்ஸின் முதுகில் ஓர் ஆளை நிரந்தரமாக ஒட்டிவிட்டால் கோல்கீப்பர் பந்தைத் தூக்கி அடிக்க வேண்டிவரும். குடுமி தேயவில்லை, குழி அகன்றுவிட்டது என்பேன். இதை மறுப்பவர்கள் உண்டு, மறுக்கலாம்.

என் பக்கத்துக்கு ஒரு சான்று: 2021இல் ஆடப்பட்ட யூரோ 2020. கோவிட் வந்து முதல் இரண்டு ஆட்டம் அவர் இல்லை. ஸ்பெயின் இரண்டையும் டிரா செய்தது. மூன்றாவதில் திரும்பினார், ஸ்லோவாகியாவுடன் 5-0, ஆட்டநாயகன் புஸ்கெட்ஸ். அப்போது வயது 32. அதே ஆண்டு அக்டோபரில் நேஷன்ஸ் லீக் இறுதியில் ஸ்பெயின் தோற்றும், தொடரின் சிறந்த ஆட்டக்காரர் அவரே. 2022-23இல் சவி பயிற்சியாளர், இவர் கேப்டன். மீண்டும் நெருக்கமாக நின்ற பார்சிலோனா 38 லீக் ஆட்டத்தில் 20 கோல் மட்டும் வாங்கிப் பட்டம் வென்றது. பார்சிலோனாவில் அவர் வென்ற 32 கோப்பைகளில் கடைசி அது.

பயிற்சிக்கு என்ன செய்வது என்று பயிற்சியாளர்கள் கேட்பீர்கள். 30க்கு 20 மீட்டர் கட்டம் போடுங்கள். நாலு பேர், நாலு பேர், எந்தப் பக்கமும் சேராத மூவர். பந்து வைத்திருக்கும் அணிக்கு அந்த மூவரும் ஆடுவார்கள். இருவரை இரு முனையில் நிறுத்தி, ஒருவரை நடுவில் விடுங்கள். அந்த நடு ஆள்தான் உங்கள் பிவோத்தே. அவருக்கு இரண்டே தொடுதல். முதல் வாரம் எல்லாப் பந்தும் பறிபோகும். கட்டத்தைப் பெரிதாக்க மனம் வரும், கொஞ்சம் பொறுங்கள். நீங்கள் கட்டத்துக்கு வெளியே, நடு ஆளின் முதுகுப் பக்கம் நின்று விரலைக் காட்டுங்கள். பந்து வருவதற்குள் எத்தனை விரல் என்று அவர் சொல்ல வேண்டும். கண்டிப்பும் உபதேசமும் சாதிக்காததை அந்த விரல் சாதிக்கும். ஒரே பையனை அங்கே நிரந்தரமாக்காதீர்கள்; நாலு நிமிடத்துக்கு ஒருவர் மாறட்டும்.

2022 டிசம்பர் 6 அன்று உலகக் கோப்பையில் மொராக்கோவுடன் பெனால்ட்டியில் ஸ்பெயின் வெளியேறியது. மூன்றாவது உதை புஸ்கெட்ஸுடையது, கோல்கீப்பர் போனோ பிடித்துவிட்டார். நாட்டுக்கான கடைசி உதை அதுவே. பிறகு அமெரிக்காவின் இண்டர் மயாமி கிளப். 2025 டிசம்பர் 6 அன்று, சரியாக மூன்று ஆண்டு கழித்து, எம்எல்எஸ் என்னும் அந்நாட்டு லீகின் கோப்பை இறுதியில் வான்கூவரை 3-1 என்று வென்ற கையோடு பூட்ஸைக் கழற்றினார்.

பலகையை அழிக்கவில்லை. சந்தேகம் உள்ளவர்கள் முன்னே வாருங்கள், சாக்பீஸ் இங்கே இருக்கிறது.