மூன்றரை வட்டிக்கு ஒரு தீபாவளி

[திரையில்: காரைக்குடி செக்காலை ரோடு, மாலை நேரம். ஜவுளிக்கடை வாசலில் கூட்டம்.]

2024 தீபாவளி அக்டோபர் 31 அன்று வந்தது. அதற்குப் பதினோரு நாள் முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை, செக்காலை ரோட்டில் வண்டி நிறுத்த இடம் தேடி மூன்று தடவை சுற்றினேன். அம்மாவுக்கும் மாமியாருக்கும் கண்டாங்கிச் சேலை, பிள்ளைகளுக்குத் துணி, அப்புறம் வீட்டுக்கு ஒரு வாஷிங் மெஷின். எல்லாம் சேர்ந்து 40,000 ரூபாய். கிரெடிட் கார்டை நீட்டினேன், நம்பர் அழுத்தினேன், வந்துவிட்டேன். எண்ணிக் கொடுத்திருந்தால் ஐந்நூறு ரூபாய் நோட்டு எண்பது எண்ண வேண்டும். பாதியிலேயே கை நின்றிருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

இந்த வீடியோ அந்த 40,000 ரூபாயைப் பற்றியது.

எங்கள் பக்கத்தில் பண்டிகைக் காலம் ஒரு நாள் கூத்து இல்லை. தீபாவளியில் தொடங்கும். பிறகு திருக்கார்த்திகை. அன்றிலிருந்து இருபத்தொரு நாள் கணக்கு வைத்து, மார்கழியில் நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார் வீடுகளில் பிள்ளையார் நோன்பு. எரியும் நூல்திரியை மாவோடு விழுங்குவார்கள், அதை 'இழை எடுப்பது' என்பார்கள். அதை ஒட்டியே அரையாண்டு லீவு. சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து ஆட்கள் வந்து இறங்குவார்கள், வருடம் முழுக்கப் பூட்டிக் கிடந்த வீடுகளில் விளக்கு எரியும். அடுத்தது பொங்கல். தை பிறந்தால் கல்யாணப் பத்திரிகைகள். ஆக அக்டோபரில் திறந்த பர்ஸை ஜனவரி கடைசி வரை மூட முடியாது. வங்கிகள் 'பண்டிகைக் கால ஆஃபர்' போடுவதும் இதே நான்கு மாதத்தில்தான்.

கடன் இந்த ஊருக்குப் புதிது இல்லை. பர்மா, இலங்கை, மலாயா என்று போய் லேவாதேவி செய்த ஊர் இது. ரங்கூனில் முகல் தெருவில் இருந்த கோயிலில் செட்டியார்கள் மாதந்தோறும் கூடி, நடப்பு வட்டி எவ்வளவு என்று பேசி முடிவு செய்வார்கள். 1937 பிப்ரவரி 10 அன்று எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கியபோது, காரைக்குடி, சென்னை, ரங்கூன் என்று மூன்று இடத்தில் ஒரே நாளில் கிளை திறந்தார். எங்கள் ஐயா, அதாவது அப்பாவின் அப்பா, கானாடுகாத்தானில் ஒரு செட்டியார் வீட்டில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். அவர் பேரன்தான் ஐந்து மாதம் தன் பில்லைத் திறந்து பார்க்காமல் இருந்தான்.

சரி, கார்டு எப்படி வேலை செய்கிறது என்று முதலில் பார்த்துவிடுவோம்.

[திரையில்: நாள்காட்டி. 15ஆம் தேதியும் 5ஆம் தேதியும் வட்டமிடப்படுகின்றன.]

எல்லாக் கார்டுக்கும் இரண்டு தேதி உண்டு. ஒன்று பில் போடும் தேதி, இன்னொன்று பணம் கட்டக் கடைசித் தேதி. என் கார்டுக்கு மாதம் 15ஆம் தேதி பில் போடுவார்கள். அடுத்த மாதம் 5ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். அக்டோபர் 14 அன்று ஒரு மிக்ஸி வாங்கினால் மறுநாளே அது பில்லில் ஏறிவிடும். நவம்பர் 5க்குள் கட்ட வேண்டும், கையில் இருப்பது 22 நாள். அதே மிக்ஸியை அக்டோபர் 16 அன்று வாங்கினால் நவம்பர் 15 பில்லில்தான் வரும். டிசம்பர் 5 வரை, 50 நாள். வெறும் இரண்டு நாள் தள்ளி வாங்கினதற்கு வட்டியில்லாமல் நான்கு வாரம் கூடுதல் தவணை. தேதி பார்த்து வாங்குகிறவருக்கு இதைவிட நல்ல கைமாற்று கிடைக்காது.

நான் அக்டோபர் 20 அன்று வாங்கினேன். டிசம்பர் 5 வரை நேரம் இருந்தது. அதுவரை எல்லாம் சரியாகத்தான் போனது.

டிசம்பர் 5 அன்று ஆட்டோ பே மூலம் வங்கிக் கணக்கிலிருந்து பணம் தானாகப் போனது. குறுஞ்செய்தியும் வந்தது. பில் கட்டியாகிவிட்டது என்று நிம்மதி. கணக்கில் காசு கொஞ்சம் தாராளமாக இருப்பது போலத் தெரிந்தது. போனஸ் வந்ததால் இருக்கும் என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு, பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடித்தேன்.

மார்ச்சில் ஒரு நாள்தான் பில்லைத் திறந்து பார்த்தேன். ஆட்டோ பே போடும்போது 'மொத்த பாக்கி', 'குறைந்தபட்சத் தொகை' என்று இரண்டு பொத்தான் இருந்திருக்கிறது. இரண்டாவது முன்கூட்டியே தேர்வாகி இருந்தது. நான் அவசரத்தில் அப்படியே விட்டுவிட்டேன். டிசம்பர் 5 அன்று போனது 40,000 இல்லை, வெறும் 2,000.

[திரையில்: வெள்ளைத்தாளில் பேனாவால் கணக்கு.]

இப்போது கணக்கைப் போடுவோம். என் கார்டுக்கு வட்டி மாதம் 3.5 சதவீதம். பெரும்பாலான கார்டுகளில் இதை ஒட்டித்தான் இருக்கிறது. குறைந்தபட்சத் தொகை என்பது பொதுவாகப் பில்லில் 5 சதவீதம். 40,000க்கு 2,000. அதைக் கட்டினால் தாமதக் கட்டணம் வராது, நம் கடன் நடத்தைக்குப் போடும் மதிப்பெண்ணான சிபில் ஸ்கோரில் தவணை தவறியதாக ஏறாது. அந்தத் தொகைக்கு இருக்கிற பயன் அவ்வளவுதான். வட்டி நிற்காது.

அந்த வட்டி எந்தத் தேதியிலிருந்து? டிசம்பர் 5லிருந்து என்றுதான் நான் நினைத்தேன். நீங்களும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள். மொத்தமும் கட்டாவிட்டால் வட்டியில்லா நாட்கள் மொத்தமாகப் போய்விடும். பொருள் வாங்கிய அக்டோபர் 20லிருந்தே வட்டி ஓடும். கட்டிய 2,000ஐக் கழித்து, மீதி 38,000க்கு மட்டும் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். அக்டோபர் 20லிருந்து டிசம்பர் 15 பில் வரை 56 நாள். வட்டி சுமார் 2,450 ரூபாய். வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி, 441 ரூபாய். 38,000த்தோடு கூட்டினால் 40,890.

2,000 கட்டிய பிறகு, வாங்கிய 40,000ஐ விடக் கடன் 890 ரூபாய் அதிகம்.

இதோடு இன்னொன்று. பழைய பாக்கி இருக்கும் வரை, புதிதாகத் தேய்க்கும் எதற்கும் வட்டியில்லா நாட்கள் கிடையாது. அந்த மார்கழியில் பெட்ரோலுக்கும் மளிகைக்கும் தேய்த்த ஒவ்வொன்றுக்கும் அன்றே வட்டி ஓடியது எனக்குத் தெரியாது.

நம் ஊரில் வட்டியைச் சொல்கிற விதம் உங்களுக்குத் தெரியும். நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் என்றால் ரெண்டு வட்டி, மூன்று ரூபாய் என்றால் மூணு வட்டி. அந்தக் கணக்கில் என் கார்டு மூன்றரை வட்டி. ஜிஎஸ்டியையும் சேர்த்தால் நாலு வட்டிக்கும் மேலே, 4.13. தெருமுனையில் ஒருவர் நாலு வட்டிக்குப் பணம் தருகிறேன் என்றால் வீட்டில் யாராவது வாங்க விடுவார்களா? இதுவே செயலியில், பச்சைப் பொத்தானில், 'குறைந்தபட்சம் கட்டுங்கள்' என்று வரும்போது உதவி மாதிரி தெரிகிறது.

யோசித்துப் பாருங்கள்: இந்த 40,000க்கு, புதிதாக எதுவும் வாங்காமல், மாதம் சரியாக 2,000 கட்டிக்கொண்டே போனால் எப்போது முடியும்? சுமார் 43 மாதம். மூன்றரை வருடத்துக்கு மேல். கட்டி முடிக்கும்போது 86,000 தாண்டியிருக்கும். அதற்குள் அந்த வாஷிங் மெஷினுக்கு வாரண்டி முடிந்திருக்கும்.

இதற்கு உச்சவரம்பு இல்லையா என்று கேட்பீர்கள். 2008இல் தேசிய நுகர்வோர் ஆணையம், கார்டு வட்டி ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று சொன்னது. வங்கிகள் மேல்முறையீடு செய்தன. 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. என் பாக்கி 40,890 ஆகி ஐந்தாவது நாள் அது. ஆண்டுக்கு 42 சதவீதம் என்பது இன்றைக்குச் சட்டப்படி செல்லும் வட்டி.

அப்புறம், நோ காஸ்ட் இஎம்ஐ. டிவி 24,000, மாதம் 4,000, ஆறு மாதம், வட்டியே இல்லை என்பார்கள். வட்டியே இல்லாத இஎம்ஐ திட்டங்கள் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே சொல்லிவிட்டது. அதனால் உள்ளே நடப்பது இதுதான்: வங்கி வட்டி போடும், அதே அளவை விற்பவர் விலையில் தள்ளுபடியாகக் கழிப்பார். ஆண்டுக்கு 16 சதவீதம் என்றால் ஆறு மாதத்துக்கு வட்டி சுமார் 1,080. அதைக் கழித்தாகிவிட்டது, சரி. ஆனால் அந்த வட்டிக்கான ஜிஎஸ்டி 195 ரூபாய் உங்கள் தலையில். செயலாக்கக் கட்டணம் 199 என்றால், அதற்கும் ஜிஎஸ்டி சேர்த்து 235. மொத்தம் 430. பெரிய தொகை இல்லைதான். வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கடைக்காரரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "அண்ணே, ரொக்கமாகக் கொடுத்தால் எவ்வளவுக்குத் தருவீர்கள்?" ஆயிரம் ரூபாய் குறைத்துச் சொன்னால், அந்த ஆயிரத்தையும் 430ஓடு சேர்த்துக்கொள்ள வேண்டும். நகைக்கடையில் கார்டுக்கு 2 சதவீதம் கூடுதல் என்று சொன்னாலும் இதே கணக்குத்தான். ஒரு சதவீத ரிவார்டுக்காக இரண்டு சதவீதம் கொடுக்கிறோம்.

வேலையாட்களுக்குத் தீபாவளி போனஸ் கொடுக்கக் கிரெடிட் கார்டைப் போட்டு ஏடிஎம்மில் பணம் எடுக்காதீர்கள். எடுத்த நிமிடத்திலிருந்து வட்டி, அதற்கு மேல் தனிக் கட்டணம். 2022லிருந்து ரூபே கிரெடிட் கார்டை யூபிஐயில் இணைக்க முடிகிறது. நல்ல வசதி. ஆனால் டீக்கடையில் ஸ்கேன் செய்யும்போது எந்தக் கணக்கிலிருந்து போகிறது என்று ஒரு நொடி பார்த்துவிடுங்கள்.

[திரையில்: முற்றம், ஆத்தங்குடிக் கல் தரை. சாய்வு நாற்காலியில் ஒரு பெரியவர், கையில் போன்.]

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் இந்த இடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். ஊரில் தனியாக இருக்கும் அப்பச்சிக்கும் ஆத்தாவுக்கும், அதாவது அப்பா அம்மாவுக்கு, உங்கள் இந்தியக் கார்டில் ஒரு கூடுதல் கார்டு வாங்கிக் கொடுத்திருப்பீர்கள். அதில் எவ்வளவு செலவானாலும் பொறுப்பு உங்களுடையது. அதற்குத் தனியாக ஒரு வரம்பு போட்டுவிடுங்கள், பெரும்பாலான செயலிகளில் முடியும். இணையத்தில் வாங்குவதையும் வெளிநாட்டுப் பரிவர்த்தனையையும் தேவையில்லை என்றால் அணைத்துவிடலாம். 'உங்கள் ரிவார்டு பாயிண்ட் இன்று இரவோடு காலாவதியாகிறது, இந்த ஆப்பைப் பதிவிறக்குங்கள்' என்று செய்தி வந்தால் தொடவே வேண்டாம் என்று அவர்களிடம் போனில் சொல்லுங்கள், ஒரு தடவை சொன்னால் போதாது. பணம் போய்விட்டால் உடனே கார்டை முடக்கச் சொல்லி வங்கியை அழைத்துவிட்டு, சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்குப் பேச வேண்டும். மகன் சிங்கப்பூரிலிருந்து வரட்டும் என்று காத்திருந்தால் காசு கைமாறிப் போயிருக்கும்.

என் கதைக்கு வருகிறேன். மார்ச்சில் கண்டுபிடித்ததும் முதலில் கார்டைத் தேய்ப்பதை நிறுத்தினேன். இருந்த ஒரு சங்கிலியை வங்கியில் அடகு வைத்து மொத்தத்தையும் கட்டினேன். நகைக்கடன் வட்டி, கார்டு வட்டியில் நான்கில் ஒரு பங்குகூட வரவில்லை. ஆட்டோ பேயை 'மொத்த பாக்கி'க்கு மாற்றினேன். பில் தேதியையும் மாற்றச் சொன்னேன். அப்படிக் கேட்க நமக்கு உரிமை இருக்கிறது, ரிசர்வ் வங்கியின் விதிமுறையில் அது உண்டு. இப்போது சம்பளம் வந்த இரண்டாம் நாள் கடைசித் தேதி வருகிறது. கார்டே வேண்டாம் என்று நினைப்பவருக்கும் அதே விதிமுறை உதவும். பாக்கி இல்லாத கார்டை மூடச் சொன்னால் ஏழு வேலை நாளில் மூடியாக வேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் வங்கிதான் உங்களுக்குத் தர வேண்டும்.

நான் மூடவில்லை. ஐயாவின் பழைய பேரேடு ஒன்று வீட்டில் இருக்கிறது. இடது பக்கம் வரவு, வலது பக்கம் பற்று, மேலே பிள்ளையார் சுழி. அந்தியில் பெட்டி மூடும் முன் அன்றைய கணக்கை அன்றே எழுதிவிடுவாராம். கடனுக்கு வாங்கிய விளக்கெண்ணெய்கூட வாங்கிய தேதியில்தான் பற்றாகி இருக்கிறது, காசு கொடுத்த தேதியில் இல்லை. நான் இத்தனை நாள் தலைகீழாகச் செய்திருக்கிறேன். பில் கட்டும் நாளில்தான் செலவானதாக மனதில் கணக்கு.

[திரையில்: நாற்பது பக்க நோட்டு. பேனா எழுதுகிறது.]

இது என்னுடைய நோட்டு. போன தீபாவளி வாரப் பக்கம். ஜவுளி 9,200, கார்டு. அதிரசத்துக்கு வெல்லமும் பச்சரிசியும் 640, கார்டு. பட்டாசு 3,000, கார்டு. ஒவ்வொன்றையும் எழுதின அன்றே அந்தத் தொகையைச் சம்பளக் கணக்கிலிருந்து இன்னொரு சேமிப்புக் கணக்குக்கு மாற்றிவிட்டேன். பில் வந்த நாளில் 12,840 அங்கே காத்திருந்தது. கடைசி வரியில் இருக்கும் பால் கணக்கு மட்டும் ரொக்கம். பால்காரர் ஸ்கேன் அட்டை வைத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்.