தறுகண் எண்ட சொல்லும் நம்மட வீரமும்

வந்திருக்கிற பெரியாக்களுக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம். பின்னுக்கு நிக்கிறாக்கள் கொஞ்சம் முன்னால வாங்க.

வீரம் எண்ட சொல்ல நாம கனக்கப் பாவிக்கிறம், ஆனா என்னத்துக்குப் பாவிக்கிறம் எண்டு பாத்தா எனக்கு மனசு கவலையாத்தான் இரிக்கி. அடிபிடிக்குப் போனவன் வீரன், பைக்க ஒத்தச் சில்லுல ஓடினவன் வீரன், மைக்கப் புடிச்சி அடுத்தவன ஏசினவனும் வீரன். பழைய தமிழ்ல மறம் எண்டு ஒரு சொல் கிடக்கு, அதுக்கு வீரமும் கருத்துத்தான், கோவமும் கருத்துத்தான், பாவமும் கருத்துத்தான். ஒரே சொல்லுக்குள்ள மூண்டையும் வச்சவங்க யோசிக்காம வச்சிருக்கமாட்டாங்க எண்டுதான் நான் நினைக்கிறன்.

இன்னொரு சொல்தான் தறுகண், அஞ்சாமை. வள்ளுவர் படைச்செருக்கு அதிகாரத்தில 'பேராண்மை என்ப தறுகண்ஒன் றுற்றக்கால் ஊராண்மை மற்றதன் எஃகு' எண்டு சொல்றார். பயமில்லாம மோதுறது பெரிய ஆண்மைதான், ஆனா எதிராளிக்கு ஒரு இடைஞ்சல் வரக்குள்ள அவனுக்கு இரங்கி உதவுறது இரிக்கே, அதுதான் அந்த ஆண்மைக்குக் கூர். படைய பத்திப் பாடுற இடத்தில வச்சு இத சொல்றார், அதக் கவனியுங்க!

நம்மட மட்டக்களப்பில விடிய விடிய ஆடுற வடமோடிக் கூத்தயே எடுங்க. விரிஞ்சி நிக்கிற கரப்புடுப்பும் முடியும் போட்டு, மத்தளம் அடிக்க, சல்லாரித் தாளம் போட, கூத்தாடுற களரியச் சுத்தி ஆடி வாற ராசாவப் பாத்து சின்னனில வாயப் பிளந்துகொண்டு இருந்திருக்கன். ஆனா விடியச்சாமம் அபிமன்யு தனிய மாட்டுப்பட்டு விழுற கட்டம் வரக்குள்ள பாய்ல இருந்த கிழவியள் எல்லாம் முந்தானையால கண்ணத் துடைப்பாங்க, வெண்டவன் பக்கம் ஒருத்தரும் கை தட்டினத நான் காணல்ல.

மறுகா 2004 டிசம்பர் 26. மட்டக்களப்புக் கடக்கரையில கல்லடி, நாவலடிப் பக்கம் சுனாமி என்ன செஞ்ச எண்டு இஞ்ச ஒருத்தருக்கும் சொல்லத் தேவையில்ல. புள்ளயக் கொண்டுபோன அதே கடலுக்குள்ள திரும்பத் தோணியத் தள்ளிக்கொண்டு போனாங்களே, கரையில நிண்டு அனுப்பிவிட்ட பொம்பிளையளும் இருந்தாங்களே, அதத் தறுகண் எண்டு சொல்லாம வேற எதச் சொல்ற?

தொல்காப்பியம் வீரத்தப் பெருமிதம் எண்டு சொல்லுது, அந்தப் பெருமிதத்துக்கு கல்வி, தறுகண், புகழ்மை, கொடை எண்டு நாலத்தான் சொல்லுது. படிப்பையும் குடுக்கிறதையும் வீரத்துக்குப் பக்கத்திலயே வச்சிருக்கு.

பிள்ளையள், பேச்சுப் போட்டிக்கு வீரம் எண்டு தலைப்பு வந்தா வாளையும் வில்லையும் கொஞ்சம் தள்ளி வைங்க, சுனாமிக்குப் பிறகு முதல்ல கடலுக்கு இறங்கினவங்க இன்னும் உங்கட ஊர்ல இரிக்காங்க, போய் அவங்களோட கதைச்சிட்டு எழுதுங்க.