‘தி கேட்சர் இன் தி ரை’: திரும்பப் படிச்சா ஹோல்டன் ஏன் எரிச்சலாத் தெரியுறான்?

ஜே.டி. சாலிங்கரோட ‘தி கேட்சர் இன் தி ரை’ நாவலைப் பத்தி ஒரு வாசகர் கேள்வி; ஹோல்டன்தான் அதுல கதை சொல்ற நாயகன். “காலேஜ்ல படிச்சப்போ தி கேட்சர் இன் தி ரை ரொம்பப் பிடிச்சுது. இப்ப நாப்பது வயசுல எடுத்தா, ஹோல்டன் புலம்பிக்கிட்டே இருக்கான். பாதியில வெச்சுட்டேன். தொடரலாமா?”

தொடருங்க. ஆனா விட்ட இடத்துல இருந்து வேண்டாம், அஞ்சாவது அத்தியாயத்துக்குத் திரும்பிப் போங்க. முதல் வாசிப்புல ‘எல்லாரும் போலி’ங்கிற அவன் கோபம்தான் நம்மள இழுக்கும். நாப்பது வயசுல அது மட்டும் போதாது. இந்தத் தடவை அவன் தம்பி ஆலியைத் தேடிப் படிங்க.

ஆலி 1946 ஜூலை 18-ல ரத்தப் புற்றுநோயில சாகுறான். அப்போ ஹோல்டனுக்கு 13 வயசு, கதை நடக்கும்போது 16. தம்பி செத்த அன்னைக்கு ராத்திரி கராஜ் ஜன்னல் கண்ணாடியெல்லாம் வெறுங்கையால உடைச்சதுல ஹோல்டனுக்கு முஷ்டியைச் சரியா மடக்க முடியாமப் போயிடுது. இதை அஞ்சாவது அத்தியாயத்துல போகிற போக்குல சொல்றான். அடுத்த அத்தியாயத்துலயே ரூம்மேட் ஸ்ட்ராட்லேட்டரை அடிக்கிறான், அடி சரியா விழல. காரணம் அந்தக் கைதான்! முதல் வாசிப்புல பலரும் இதைத் தவற விட்டுடுவாங்க. 20-ஆவது அத்தியாயத்துல இன்னொண்ணு வரும்: தம்பியோட இறுதிச் சடங்குக்கு அவன் போகல, கைக்காயத்தோட ஆஸ்பத்திரியில இருந்தான். அழுது தீர்க்க வேண்டிய இடத்துக்கே போகாத பையன் இவன். இது மனசுல இருந்தா, அந்தப் புலம்பல் வேற மாதிரி கேக்கும்.

பெரும்பாலும் சலிப்பு தட்டுறது நடுவுல, ஹோட்டலும் பாருமா அவன் அலையுற பகுதியில. இருக்கிறது 26 சின்ன அத்தியாயம்தான். ஏழு வரைக்கும் ஸ்கூல், எட்டுல ரயில் பயணம், ஒன்பதுல இருந்து இருபது வரைக்கும் நியூயார்க் அலைச்சல், அப்புறம் வீடும் தங்கச்சி ஃபீபியும். மூணு தடவையா உக்காந்து படிச்சிடலாம். அலைச்சல் பகுதியை நாள் கணக்கா இழுத்தா கண்டிப்பா விட்டுடுவீங்க. ‘மனசு சோர்ந்துடுச்சு’ன்னு அவன் சொல்ற இடத்துல எல்லாம் கொஞ்சம் நின்னு, அதுக்கு முந்தின பக்கத்துல என்ன நடந்துச்சுன்னு பாருங்க.

இன்னொண்ணு, இதையெல்லாம் அவன் 17 வயசுல, உடம்பு தேறுறதுக்காக இருக்கிற இடத்துல இருந்து சொல்றான். முதல் அத்தியாயத்துல அது இருக்கு, சட்டுன்னு மறந்துடுவோம். எரிச்சல் முழுசாப் போகாது, போகவும் வேண்டாம். ஆனா 25-ஆவது அத்தியாயத்தை மட்டும் அவசரமில்லாம படிங்க. ஒவ்வொரு தெருவைக் கடக்கும்போதும் ‘என்னைக் காணாமப் போக விட்டுடாதே’ன்னு செத்துப்போன தம்பிகிட்டதான் கெஞ்சுறான்.