ஆறு ஆவர்த்தனத்தில் ஒரு புளூஸ்

வணக்கம் நேயர்களே. பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாட்டு படிப்பித்தவள் என்பதால், தியாகராஜரில் தொடங்குவேன் என்று நினைத்திருப்பீர்கள். இன்றைக்குப் பேசப்போவது அமெரிக்கக் கறுப்பினத்தவரின் சங்கீதமான புளூஸ் பற்றி.

அண்மையில் யாழ்ப்பாணம் பண்ணைப் பக்கம் சின்னதாக ஒரு புளூஸ் விழா நடந்தது. பிளாஸ்டிக் கதிரைகள், ஓரத்தில் ஒரு கச்சான் வண்டில், அவ்வளவுதான். என் வீட்டுக்காரர் கோயிலில் தவில் சமா என்றால் விடியும்வரை இருப்பார். ஆங்கிலப் பாட்டு என்றால் எழும்பிப் போய்விடுவார். கச்சானைச் சொல்லித்தான் கூட்டிப்போனேன்.

இரண்டாவது பாட்டிலேயே தொடையில் ஆதி தாளம் போடத் தொடங்கிவிட்டார். "இஞ்சேரும், இது ஆறு ஆவர்த்தனத்துக்கு ஒருக்கால் திரும்புது" என்றார்.

கணக்குச் சரிதான். புளூஸின் வழக்கமான சுற்று பன்னிரண்டு பார், அதாவது பன்னிரண்டு தாளக் கூறு. பாருக்கு நாலு அடி. மொத்தம் 48 அடி, எங்கள் கணக்கில் 48 அட்சரம். ஆதி தாளத்தில் ஒரு ஆவர்த்தனம், அதாவது ஒரு தாளச் சுற்று, எட்டு அட்சரம் என்பதால் சரியாக ஆறு ஆவர்த்தனம். முதல் இரண்டிலும் கிற்றார் ஷட்ஜத்தை, அதாவது ச சுரத்தை, அடியாகக் கொண்ட சுரக்கூட்டில் நிற்கும். மூன்றாவதில் ம என்ற மத்திமம், நாலாவதில் திரும்ப ஷட்ஜம். ஐந்தாவதுதான் விசேஷம்: முற்பாதி ப என்ற பஞ்சமம், பிற்பாதி மத்திமம். ஆறாவதில் ஷட்ஜத்துக்கு வந்துவிடும். நடை பெரும்பாலும் அடியை மூன்றாகப் பிரிக்கும் திஸ்ரம் போல ஆடி ஆடி வரும்.

இந்தச் சுற்றுக்குள் மூன்று வரிப் பாட்டு. முதல் வரியையே இரண்டாவதாகவும் பாடுவார்கள்; மூன்றாவதில்தான் விஷயம் வெளிவரும். வரிக்கு இரண்டு ஆவர்த்தனம். முதலாவதில் குரல் சொல்லும், அடுத்ததில் கிற்றார் பதில் சொல்லும்.

ஒருவர் விரலில் கண்ணாடிக் குழாயை மாட்டித் தந்திமேல் வழுக்கி வாசித்தார். கோட்டுவாத்தியம் கேட்டவர்களுக்கு அந்த வழுக்கல் புதிதல்ல. அவர் க சுரமான காந்தாரத்தைத் தாழ்ந்த இடமான சாதாரண காந்தாரத்திலும் வைக்கவில்லை, உயர்ந்த இடமான அந்தர காந்தாரத்திலும் வைக்கவில்லை. இரண்டுக்கும் நடுவில் இழுத்துப் பிடித்தார். பிள்ளைகள் அப்படிப் பாடினால் திருத்தியிருப்பேன். இங்கே அதுதான் உயிர்.

1903 அளவில் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் டட்வைலர் என்ற ஊர் ரயில் நிலையத்தில், ஒரு கறுப்பினத்தவர் கத்தியால் தந்தியை அழுத்தி இப்படி வாசித்ததைக் கேட்டதாக இசையமைப்பாளர் டபிள்யூ. சி. ஹாண்டி எழுதியிருக்கிறார். பருத்திக் காட்டில் வேலை செய்த சனத்தின் சங்கீதம் இது. 1943இல் புளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸ் மிசிசிப்பியிலிருந்து சிகாகோ போனார். மதுச்சாலை இரைச்சலில் வெறும் கிற்றார் எடுபடவில்லை. மின்சாரக் கிற்றாருக்கு மாறினார். ஊர் விட்டுப் போனவர்களின் பாட்டு மாறும் விதம் எங்களுக்கும் தெரியாததல்லவே.

பாடகர் எங்களையும் கை தட்டச் சொன்னார். யாழ்ப்பாணத்துச் சனம் சமத்தில், அதாவது சுற்றுத் தொடங்கும் முதல் அடியில், தட்டியது. புளூஸில் தட்டு விழுவது இரண்டாவது, நாலாவது அடிகளில். அவர் சிரித்துச் சிரித்துக் காட்டிக்கொடுத்ததும் இளம்பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் அசையவில்லை. "சமத்தை விட்டிட்டு எப்பிடியப்பா தட்டுறது?"

ஒரு குறை சொல்லத்தான் வேண்டும். பேஸ் கிற்றாரின் ஸ்பீக்கரை அளவுக்கு மீறித் திறந்துவிட்டதில், விஷயம் உள்ள அந்த மூன்றாவது வரி பாதிப் பாட்டுகளில் காதில் விழவேயில்லை. ஒழுங்குசெய்தவர்கள் கேட்டுக்கொண்டிருந்தால், அடுத்தமுறை குரலுக்கும் கொஞ்சம் இடம் விடுங்கள். நன்றி, வணக்கம்.