ஆனி, ஆடி, ஆவணி: ஒரு ரயில் பெட்டி விளையாட்டு

நேயர்களுக்கு வணக்கம்.

தினமும் ரயிலில் வேலைக்குப் போகிறவர்கள் சீட்டாடுவதையும், பஜனை பாடுவதையும், பூக்கட்டுவதையும் பார்த்திருப்பீர்கள். எங்கள் பெட்டியில் வேறொரு விளையாட்டு. திருவள்ளூரிலிருந்து சென்னை சென்ட்ரல் போகும் மின்சார ரயிலில், திருநின்றவூர் தாண்டியதும் தொடங்கி வில்லிவாக்கம் வரை ஓடும். பருவம், மாதம், பண்டிகை, விடுமுறை, இவற்றில் அடங்கும் சொல்லைத்தான் சொல்லலாம். ஒருவர் சொல்லும் சொல் எந்த எழுத்தில் முடிகிறதோ, அந்த எழுத்தின் வரிசையில் அடுத்தவர் ஆரம்பிக்க வேண்டும். அந்தாக்ஷரி மாதிரிதான், பாட்டு மட்டும் கிடையாது. பெட்டியில் தூங்கிக்கொண்டு வருகிறவர்களின் நலன் கருதி அப்படி ஓர் ஏற்பாடு.

சின்னப் பிள்ளை விளையாட்டு என்றுதான் தொடங்கினோம். முதல் சுற்றிலேயே முட்டிக்கொண்டது. ஒருவர் “பொங்கல்” என்றார். அடுத்தவருக்கு வந்தது ல். நம் ஊர்ச் சொல் எதுவும் ல-வில் தொடங்காதே! அவர் கொஞ்சம் யோசித்து “லீவு” என்றார். அது செல்லுமா, செல்லாதா என்ற சண்டையிலேயே அம்பத்தூர் வந்துவிட்டது.

பிறகு உட்கார்ந்து பார்த்தால் நிலவரம் நினைத்ததைவிட மோசம். ட, ண, ர, ல, ழ, ள, ற, ன ஆகிய எட்டு வரிசையிலும் தமிழ்ச் சொல் தொடங்குவதில்லை. நம் பன்னிரண்டு மாதத்தில் சரிபாதி இந்த எழுத்துகளில்தான் போய் முடிகிறது: சித்திரை, ஆனி, ஆடி, ஆவணி, மார்கழி, பங்குனி. மழையும் கோடையும் அதே கதி. தீபாவளியும் நவராத்திரியும் அப்படியே. பழைய இலக்கணம் சொல்லும் ஆறு பெரும்பொழுதுகளை எடுத்துக்கொள்ளுங்கள். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். ஆறில் ஒன்றுகூடத் தேறவில்லை. ‘விடுமுறை’ என்ற சொல்லே றை-யில் நின்றுவிடுகிறது.

எனவே ஒரு விதி போட்டோம். கடைசி எழுத்தில் சொல் தொடங்காது என்றால் அதற்கு முந்தைய எழுத்தை எடுத்துக்கொள்ளலாம். அதுவும் உதவாவிட்டால் இன்னும் ஒரு எழுத்து பின்னால் போகலாம். இந்த ஒரு திருத்தத்தில் விளையாட்டு ஓட ஆரம்பித்துவிட்டது. கோடை என்றால் டை உதவாது, கோ-வுக்கு வரலாம். உடனே “கோகுலாஷ்டமி”. அதில் மி. “மிலாடி நபி” என்றார் ஆவடியில் ஏறுகிற நண்பர். பி-க்கு “பின்பனி”, பின்பனியில் னி-யைத் தள்ளினால் ப, “பங்குனி”. பங்குனியில் கு, “குடியரசு தினம்”. ம் வந்தது, “மாட்டுப் பொங்கல்”. இத்தனையும் ஒரு ஸ்டேஷனுக்கும் அடுத்த ஸ்டேஷனுக்கும் நடுவில்.

சில நாள் அந்தச் சங்கிலி தானாகவே காலண்டர் வரிசையில் போகும். ஒருவர் “ஆனி” என்று சொல்லிவிட்டார். னி-யை விட்டால் ஆ, அடுத்தவர் “ஆடி”. டி-யை விட்டால் மறுபடி ஆ, “ஆவணி”. ணி-யை விட்டால் வ, “வரலட்சுமி நோன்பு”. நோன்பில் பு, “புரட்டாசி”. அதில் சி, “சரஸ்வதி பூஜை”. சரஸ்வதி பூஜை பெரும்பாலும் புரட்டாசியில்தான் வரும். யாரும் திட்டமிடவில்லை, ஆனியில் ஏறி ஆயுத பூஜைக் கொலுவில் இறங்கிவிட்டோம். எனக்கு இதைவிடப் பிடித்தது கிறிஸ்துமஸ். ஸ் வேண்டாம் என்று ஒரு எழுத்து பின்னால் போனால் ம. அடுத்த சொல் “மார்கழி”. டிசம்பர் 25 மார்கழி மாதத்தில்தானே விழுகிறது!

இதில் குறுக்கு வழியும் உண்டு. சித்திரை என்று வந்தால் தி-க்குப் போகலாம். திருவாதிரை. அது மறுபடியும் தி-யில் கொண்டுவந்து விடும். திருவோணம், திருக்கார்த்திகை, திருவிழா என்று ஒருவர் எல்லாவற்றுக்கும் ‘திரு’ போட்டுக்கொண்டே போனார். ஒரு பயணத்துக்கு ஒரு ‘திரு’தான் என்று தடை விதிக்க வேண்டியதாயிற்று.

சரி, சங்கிலி பழகிவிட்டது. அப்புறம் அதில் சுவை குறைந்தது. அதனால் இன்னொன்று சேர்த்தோம். ஒருவர் மாதத்தைச் சொல்ல வேண்டும், மற்றவர்கள் ஒவ்வொருவரும் அந்த மாதம் என்றதும் முதலில் நினைவுக்கு வருவதை ஒரே சொல்லில் சொல்ல வேண்டும். யோசிக்க நேரம் கிடையாது. சம்பந்தமில்லை என்று மற்றவர்களுக்குத் தோன்றினால் கேள்வி கேட்கலாம்.

முதல் நாளே “ஆடி” என்றோம். கூழ், தள்ளுபடி, காற்று, அம்மன் என்று வரிசையாக வந்தது. சேலத்துக்காரர் “தேங்காய்” என்றார். தேங்காய்க்கும் ஆடிக்கும் என்ன சம்பந்தம், அது எல்லா மாதமும்தானே உடைக்கிறோம் என்று எல்லோரும் பாய்ந்தோம். “நீங்க ஆடி ஒண்ணுல சுட்ட தேங்காய் தின்னதே இல்லையா சார்?” என்று அவர் எங்களைப் பரிதாபமாகப் பார்த்தார். சேலம், நாமக்கல், தருமபுரி பக்கம் ஆடி முதல் நாள் அதுதான் பண்டிகை. தேங்காயின் நாரை உரித்து, ஓட்டைத் தரையில் தேய்த்து வழவழப்பாக்குவார்கள். கண் ஒன்றைத் திறந்து தண்ணீரை வடித்துவிட்டு, ஊறவைத்த பாசிப்பருப்பு, வெல்லம், எள், பொட்டுக்கடலை, அவல் எல்லாம் அந்தச் சின்ன ஓட்டை வழியாகப் போடவேண்டும். கொஞ்சம் தேங்காய்த் தண்ணீரையும் திரும்ப ஊற்றி, அழிஞ்சி மரக் குச்சியின் கூரான முனையை அந்தக் கண்ணில் செருகி, வாசலில் மூட்டிய நெருப்பில் பிடித்துத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். ஓடு கருகி வெடிப்பு விட்டதும் எடுத்து, சாமிக்குப் படைத்துவிட்டு உடைத்தால், உள்ளே பருப்பும் வெல்லமும் தேங்காயோடு ஒட்டி வெந்திருக்கும். புகை வாசனை தனி. அவர் சொல்லி முடிக்கும்போது, அதுவரை தூங்கிக்கொண்டிருந்த எதிர் சீட்டு அம்மா, “எங்க ஊர்லயும் உண்டுங்க, குச்சிக்குத்தான் அடிச்சுக்குவோம்” என்றார். அவர் தருமபுரி. அன்று முதல் அவரும் ஆட்டத்தில் சேர்ந்துவிட்டார்.

கார்த்திகைக்கும் இதே கதைதான். எங்களுக்குப் பொரி உருண்டை, நாகர்கோவில்காரருக்கு ஓலைக் கொழுக்கட்டை. பனங்குருத்தோலைக்குள் மாவை வைத்து ஓலையோடு அவிப்பது. இலையில் வைத்தது போல ஓலையின் மணம் மாவில் ஏறியிருக்கும் என்றார். தென் மாவட்டம் போகாதவர்களிடம் அதை வாயால் விளக்குவது கஷ்டம். எங்களில் ஒருவர் சுருக்கமாக “மாவலி” என்றார். பனம்பூவைக் கரியாக்கித் துணியில் கட்டிச் சுற்றினால் பொறி பறக்குமே, அது.

பெரிய வாக்குவாதம் நடந்தது இளவேனிலில். இலக்கணப்படி சித்திரையும் வைகாசியும் இளவேனில். அதைச் சொன்னதும் ஒருவர் “கத்திரி வெயில்” என்றார். உண்மைதானே! அக்னி நட்சத்திரம் மே 4 வாக்கில் ஆரம்பித்து மே 28 வாக்கில் முடிகிறது, முழுக்கச் சித்திரை, வைகாசிக்குள். ‘இள’ என்று எப்படிப் பெயர் வைத்தார்கள் என்று அவர் கோபப்பட்டார். பெயர் வைத்தவர்களைக் குறை சொல்ல முடியாது. நம் பஞ்சாங்க ஆண்டு நட்சத்திரங்களை வைத்து அளப்பது. அது பருவ ஆண்டைவிடக் கொஞ்சம் நீளம். ஏறக்குறைய 72 ஆண்டுக்கு ஒரு நாள் என்று மாதங்கள் மெல்லப் பின்னால் நகர்ந்துகொண்டே வருகின்றன. உத்தராயணம் என்று தை முதல் நாள் கொண்டாடுகிறோம். சூரியன் வடக்கே திரும்புவது டிசம்பர் 21, 22-இல். அந்த மூன்று வார இடைவெளிதான் சித்திரையையும் வெயிலுக்குள் தள்ளியிருக்கிறது. இதைச் சொன்னபோது அவர், “அப்ப எனக்கு பாயிண்ட் உண்டா இல்லையா?” என்று மட்டும் கேட்டார். கொடுத்தோம்.

இந்த ஆட்டத்தில் யாராலும் ஜெயிக்க முடியாதவர் ஆவடியில் ஏறும் நண்பர். பாய் என்றுதான் கூப்பிடுவோம். எந்த மாதத்தைச் சொன்னாலும் அவர் பதில் “ரம்ஜான்”. கேள்வி கேட்கவும் வழியில்லை. ஹிஜ்ரி ஆண்டுக்கு 354 அல்லது 355 நாள், அதனால் ரம்ஜான் ஒவ்வோர் ஆண்டும் பத்துப் பதினோரு நாள் முன்னால் வரும். சுமார் 33 ஆண்டில் எல்லாப் பருவத்தையும் சுற்றி வந்துவிடும். கோடை நோன்பும் பிடித்திருக்கிறார், ஐப்பசி அடைமழையில் நோன்புக் கஞ்சிக்குப் பாத்திரத்தோடு பள்ளிவாசலில் நின்றும் இருக்கிறார். ஈஸ்டருக்கு அந்தச் சலுகை இல்லை. அது மார்ச் 22-க்கும் ஏப்ரல் 25-க்கும் நடுவில்தான் வரும், அதாவது பங்குனி அல்லது சித்திரை, அவ்வளவுதான்.

போன வாரம் பாய் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். 2030-ஆம் ஆண்டில் நோன்பு மாதம் இரண்டு தடவை தொடங்குமாம். ஜனவரி முதல் வாரத்தில் ஒன்று, டிசம்பர் கடைசியில் இன்னொன்று. பிறை தெரிவதைப் பொறுத்து ஒரு நாள் முன்பின் இருக்கலாம். இரண்டுமே மார்கழியில்தான் விழுகிறது. அந்த வருஷம் மார்கழி என்று சொன்னால் தனக்கு இரண்டு பாயிண்ட் என்கிறார். ஜனவரியில் வருவது முந்தின வருஷத்து மார்கழி, அதைச் சேர்க்கக் கூடாது என்கிறார் சேலத்துக்காரர். தீர்ப்பு இன்னும் வரவில்லை. உங்களில் யாராவது பஞ்சாங்கம் தெரிந்தவர்கள் காலை வண்டியில் வந்தால் எங்கள் பெட்டியில் ஏறுங்கள், இடம் போட்டு வைக்கிறோம்.

நன்றி, வணக்கம்.